என் கைக்கு மட்டும் நின்றுபோன லேப்டாப்

பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி புது லேப்டாப் வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தான். மதுரையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு நான் இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. சொந்தமாக லேப்டாப் வைத்திருக்கும் டீச்சர் எங்கள் ஸ்டாஃப் ரூமில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வினாத்தாளைக் கையால் எழுதிக் கொடுக்க, நான் டைப் அடித்துக் கொண்டுபோனேன். அதனால் எனக்கு எல்லா மெஷினும் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. யார் வீட்டிலாவது மிக்ஸி ஓடவில்லை என்றால்கூட என்னிடம் கேட்பார்கள். தெரியாது என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

லேப்டாப் வந்த கொஞ்ச நாளில் என் கையில் காந்தக் காப்பும் ஏறியது. கொடுத்தது என் வீட்டுக்காரரின் அக்கா. சோழவந்தானில் இருந்தார். மதினி என்று கூப்பிடுவேன். ஆள் சேர்த்து விற்கும் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த சமயம். மதினி அப்படி ஒன்றில் சேர்ந்து, பிரஷர், மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக அந்தக் காப்பை விற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் பிரஷர் இருப்பது தெரிந்ததும் திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இடது கையில போடு. இதயம் இருக்க பக்கம். ராத்திரி பகல் கழட்டாத."

"மதினி, ரத்தத்துல இருக்க இரும்பைக் காந்தம் இழுக்காது. நான் அதைத்தான் வகுப்புல பாடமா நடத்துறேன்."

"பாடம் பாட்டுக்குப் பாடம். நீ போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். வீட்டில் அமைதி வேண்டுமே. இடது கையில் கட்டியிருந்த வாட்ச் வலது கைக்குப் போனது. காப்பு பார்க்கச் செம்பு மாதிரி பளபளப்பாக இருந்தது. இரண்டு முனையிலும் பட்டாணி அளவுக்கு இரண்டு காந்தம். நல்ல வலுவான காந்தம். காலையில் சேலை கட்டும்போது கீழே விழும் சேஃப்டி பின்னையெல்லாம் நான் குனிந்து தேடுவதில்லை. கையைத் தரையோரமாக ஒரு வீசு வீசினால் பின் வந்து ஒட்டிக்கொள்ளும். மதினியிடம் போனில் அதை மட்டும் பாராட்டினேன். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது, இந்தப் பின் விஷயம் எனக்குத் தினமும் தெரிந்தே இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் அடிக்கும்போதுதான் லேப்டாப் முதல் தடவை நின்றது. ஸ்கிரீன் எரிகிறது, எழுத்தெல்லாம் தெரிகிறது. ஆனால் எந்த பட்டனைத் தட்டினாலும் எழுத்து விழவில்லை. கீழே இருக்கும் டச்பேடில் விரலைத் தேய்த்தால் அம்புக்குறி அசையவில்லை. செத்துப்போன பல்லி மாதிரி அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பட்டன்களை ஓங்கித் தட்டினேன். கடைசியில் அணைத்துப் போட்டேன். சரியாக வந்தது. ரெண்டு வரி அடித்தேன். மறுபடி நின்றது.

"என்னங்க, இங்க வாங்க, இதைப் பாருங்க" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ரயில்வேயில் கிளார்க். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது பழைய பாட்டுக் கேட்பது மட்டும்தான். நான் எழுந்து நாற்காலியை விட்டேன். அவர் உட்கார்ந்து ஒற்றை விரலால் தன் பெயரை அடித்தார். விழுந்தது. என் பெயரை அடித்தார். அதுவும் விழுந்தது. டச்பேடில் விரலை வைத்துக் கோலம் போட்டார். அம்புக்குறி கூடவே ஓடியது.

"நல்லாத்தான இருக்கு?"

நான் உட்கார்ந்தேன். நின்றது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதே நாடகம். அவருக்கு ஓடும், எனக்கு ஓடாது. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் சும்மா உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். அவருக்கும் ஓடியது. அவர் எழுந்து போகும்போது, "சிலருக்குச் செடி வச்சா வராது, அந்த மாதிரி போல டீச்சர்" என்று ஆறுதல் சொன்னார். என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குக் கைராசி இல்லம்மா."

"இயற்பியல்ல கைராசின்னு ஒண்ணு கிடையாது."

"அப்ப உன் கையில வேற ஏதோ இருக்கு."

அந்த மனிதர் அன்றைக்கே சரியான பதிலைச் சொல்லிவிட்டார். நான்தான் அது கிண்டல் என்று நினைத்து ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

பிறகு முறைப்படி ஆராய்ச்சியில் இறங்கினேன். முதல் சந்தேகம் சூடு. லேப்டாப்புக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்து, தாளெல்லாம் பறக்கப் பறக்க டைப் அடித்தேன். அடுத்தது தூசி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை வாங்கி பட்டன் இடுக்கிலெல்லாம் அடித்தேன். முறுக்குத் துணுக்கு வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. அடுத்தது வைரஸ். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் கொடுத்த சிடியைப் போட்டேன், லேப்டாப் மெதுவாகிவிட்டது, அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரர் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். அந்தக் குங்குமம்தான் டச்பேடுக்குள் இறங்கிவிட்டது என்று அவரோடு ஒரு சண்டை போட்டேன். கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அதனால் எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீசியனை வரவழைத்து அவருக்கே எர்த் பற்றி வகுப்பெடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எர்த்து நல்லாத்தான் இருக்குக்கா" என்று சொல்லிப் போனார்.

தம்பிக்குப் போன் போட்டேன். கெட்டுப்போனதை என் தலையில் கட்டிவிட்டாயா என்று கேட்டேன்.

"அக்கா, எனக்கு மூணு வருஷம் நல்லாத்தான ஓடுச்சு?"

"உனக்கு ஓடும். எல்லாருக்கும்தான் ஓடுது" என்று சொல்லி போனை வைத்தேன்.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே என் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தார். ஓடியது. "நீங்க அடிங்க டீச்சர்" என்று என் பக்கம் திருப்பினார். கவுண்டர் என் நெஞ்சு உயரம். நின்றபடி, கையைத் தூக்கி வைத்து, பயந்து பயந்து அடித்தேன். எனக்கும் ஓடியது! அந்த நேரத்தில் அது நின்றுபோகக் கூடாதா என்று நான் ஏங்கியது எனக்குத்தான் தெரியும். டாக்டர் முன்னால் காய்ச்சல் இறங்கிய நோயாளி மாதிரி நின்றேன்.

"வீட்டுலதான் நிக்குது. கீபோர்டை மாத்திருங்க" என்றேன்.

"நல்லா இருக்க கீபோர்டை மாத்த மனசு வரல டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் பாருங்க."

தனி கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பைத் தள்ளி வைத்து அடித்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பார்த்தீர்களா, கீபோர்டுதான் கோளாறு என்று வீட்டில் அறிவித்தேன். என் வீட்டுக்காரர் அந்தக் கோளாறான கீபோர்டில் பாட்டுத் தேடி அடித்துக்கொண்டிருந்தார்.

அரையாண்டுக்கு முன்னால் காந்தவியல் பாடம் வந்தது. லேபிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். முன்வரிசைப் பிள்ளைகளை எழுந்து வந்து சுற்றி நிற்கச் சொன்னேன்.

"இந்த ஊசி எப்பவும் வடக்கைத்தான் காட்டும். பள்ளிக்கூடத்துக்கு வடக்கு எது?"

எல்லோரும் மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினார்கள். ஊசி அதற்கு எதிரே, தெற்கே இருக்கும் திருப்பரங்குன்றம் பக்கம் காட்டியது. நான் மேஜையின் அந்தப் பக்கம் போனேன். ஊசியும் திரும்பியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"காம்பஸ் சரியில்ல" என்று சொல்லி வேறொன்றை எடுத்து வந்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் அப்படித்தான். லேபில் இருந்த அத்தனை திசைகாட்டியும் கெட்டுவிட்டது என்று ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுக்கும் அளவுக்கு நான் போய்விட்டேன். மூன்று திசைகாட்டியையும் வரிசையாக வைத்து, அவற்றின் மேல் கையை நீட்டி, "இதுல எதுவுமே..." என்று ஆரம்பித்தபோது மூன்று ஊசியும் சேர்ந்து என் மணிக்கட்டைப் பார்த்தன. வகுப்பே சிரித்தது.

"டீச்சர், அது உங்களத்தான் காட்டுது!"

கையைப் பார்த்தேன். காப்பைப் பார்த்தேன். திசைகாட்டி மறந்தே போனது. லேப்டாப்பில் டைப் அடிக்கும்போது என் இடது மணிக்கட்டு எங்கே படிந்திருக்கும் என்பது அந்த வினாடியில் கண் முன்னால் வந்தது.

ஆனால் டீச்சர் டீச்சர்தான். "கரெக்ட். இதை யாரு கண்டுபிடிக்கிறான்னு பாக்கத்தான் காப்பைக் கழட்டாம வந்தேன்" என்றேன். பிள்ளைகள் நம்பினார்களா தெரியாது. பாதிப் பேர் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிய கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். காப்போடு மணிக்கட்டை வைத்தேன், நின்றது. காப்பைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தேன், ஓடியது. காப்பை மட்டும் தனியாக அந்த இடத்தில் வைத்து வீட்டுக்காரரை அடிக்கச் சொன்னேன். முதல் தடவையாக அவருக்கும் நின்றது. அவர் பதறிப்போய்க் கையை எடுத்ததைப் பார்த்த சந்தோஷத்தை நான் இங்கே மறைக்க விரும்பவில்லை.

தம்பி போனில் ரொம்ப நேரம் சிரித்தான். பிறகுதான் விளக்கினான். "மூடியில ஒரு சின்னக் காந்தம் இருக்குக்கா. மூடினா அது கீழ வந்து உக்காரும். உள்ள இருக்க சென்சார் அதை வச்சுத்தான் மூடியாச்சுன்னு தெரிஞ்சுக்கும். உடனே கீபோர்டு, டச்பேடு ரெண்டையும் நிப்பாட்டிரும். நீ கையை வச்சதும் மூடிட்டன்னு நினைச்சிருக்கு."

"அப்ப ஸ்கிரீன் அணையணும்ல?"

"மூடி வச்சாலும் பாட்டு ஓடணும்னு மாமா கேட்டாருல்ல? அதுக்குத்தான் அணையாம செட் பண்ணிக் கொடுத்தேன்."

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமா, அதாவது என் வீட்டுக்காரர், மெதுவாக எழுந்து காபி போடப் போனார்.

காப்பை ஏன் கழற்றினேன் என்று மதினிக்குச் சொல்லியாக வேண்டும். கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனில் நடந்ததைச் சொன்னேன்.

"பட்டனைத் தொடாமலே நிப்பாட்டிருச்சா?"

"ஆமா மதினி."

"இம்புட்டு பவரா! நீ ஞாயித்துக்கிழமை அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு இங்க வா. நாலு பேரு கண்ணால பாக்கட்டும்."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானில் இருந்தேன். மதினி வீட்டுக் கூடத்தில் அந்தத் தெருப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் இல்லை, லேப்டாப் பேட்டரியில் ஓடியது. "இது எங்க தம்பி பொண்டாட்டி. ஃபிசிக்ஸ் டீச்சர்" என்று மதினி என்னை நிறுத்தினார். நான் ரெண்டு வரி அடித்தேன், காப்பை வைத்தேன், நின்றது. எடுத்தேன், ஓடியது. பெண்கள் ஆ என்றார்கள். மதினி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"இதுக்கும் உடம்புக்கும் சம்பந்தம் கிடையாது" என்று ஆரம்பித்தேன். மதினி என் முன்னால் வந்து நின்று என்னை மறைத்தார்.

அப்போது சுவரோரம் இருந்த ஒரு பெரியம்மா கேட்டார். "மிசினையே நிப்பாட்டிருதுன்னா, கையில போட்டா நம்மளையும் நிப்பாட்டிராதா?"

மதினி விற்க வைத்திருந்த காப்புகளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவற்றைப் பாயில் வைத்தார்கள். மதினி திரும்பி என்னை முறைத்தார். பதில் சொல்ல வேண்டியது நீதான் என்று அர்த்தம். "அதெல்லாம் நிப்பாட்டாதும்மா, உடம்பை ஒண்ணுமே செய்யாது" என்று தைரியம் சொன்னேன். அதற்கு மதினி இன்னும் முறைத்தார்.

மதினி கொடுத்த கலர் சோடாவைக் குடித்துவிட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். ஒருத்தி மட்டும் கதவுப் பக்கம் நின்று, மதினிக்குக் கேட்காமல் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"டீச்சர், இதை டிவிகிட்ட கொண்டுபோனா டிவி நின்னுருமா? எங்க மாமியா மதியத்துல இருந்து சீரியல்தான்."

"நிக்காது. ஆனா பிக்சர் டியூப் டிவின்னா கலரு மாறிப்போகும். மூஞ்சியெல்லாம் பச்சையும் ஊதாவுமா தெரியும். அப்படிச் செஞ்சிறாதம்மா, அப்புறம் சரிபண்றது கஷ்டம்" என்று எச்சரித்தேன்.

அவள் திரும்பிப் போய் மதினியிடம் ஒரு காப்பு வாங்கிக்கொண்டாள்.