ரிவால்வர் வேண்டாம் என்ற யூலியானா

இத்தாலியின் பலேர்மோ நகரில் தமிழ்ப் பெண் ஒருத்தி இடுப்பில் துப்பாக்கியோடு வேலைக்குப் போகிறாள் என்றால், ஞாயிறு பூசைக்கு வருபவர்களில் பாதிப்பேர் இன்னும் நம்பமாட்டார்கள். யூலியானா அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மன்னார் பேசாலையில் பிறந்து, சிறுவயதில் தாயோடு இங்கே வந்தவள். பள்ளிக்கூடம் முடித்தபின் பல வருடம் வயோதிபர்களைப் பராமரித்தாள். இத்தாலியக் குடியுரிமை கிடைத்ததும் காவல் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள்.

"வீடு துடைக்க ஆக்கள் நிறைய இருக்கினம். நான் வாசலில நிக்கப்போறன்" என்று தாயிடம் சொன்னாள்.

அந்த நிறுவனத்தில் காவலர்கள் தங்கள் துப்பாக்கியைத் தாங்களே வாங்க வேண்டும். துப்பாக்கிக் கடைக்குப் போனபோது, அவள் வாய் திறப்பதற்கு முன்பே விற்பனையாளர் சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஐந்து துப்பாக்கி ரவை கொள்ளும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

"பெண்களுக்கு இதுதான். பாரமில்லை, சிக்கிக்கொள்ளாது, விசையை இழுத்தால் வெடிக்கும்."

"கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அந்தப் பிஸ்டலையும் காட்டுங்கள். இரண்டையும் சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாள் அவள்.

வீட்டில்தான் சிக்கல். கணவன் றஞ்சித் முல்லைத்தீவுக்காரன், நகரின் கால்சாப் பகுதியில் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் வேலை. யுத்தத்துக்குள் வளர்ந்தவன். அன்றிரவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"என்னோட படிச்ச பெடியளின்ர கையில நான் பாக்காத துவக்கோ? அதைவிட்டு ஓடி வந்தனான். நீ அதை வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வாறியோ?"

"பூட்டி வைக்க இரும்புப்பெட்டி வரும். திறப்பு என்னட்டைத்தான். இது என்ர வேலைச் சாமான், றஞ்சித். நீங்கள் கத்தி பிடிக்கிற மாதிரி."

"கத்தியும் துவக்கும் ஒண்டோ?"

"இல்லைத்தான். ஆனா நான் இந்த வேலையை விடமாட்டன்."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். ஆனால் சனிக்கிழமை அவளைச் சுடுதளத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டான். உள்ளே வரமாட்டேன் என்று, மதிலோரம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தான்.

பயிற்சியாளர் சால்வோ முன்னாள் பொலிஸ்காரர். முதலில் ரிவால்வரைக் கொடுத்தார். பாரமில்லாத அந்தச் சாமான் வெடித்தபோது கை முழுவதையும் பின்னுக்குத் தள்ளியது. விசை கடுமையாக இருந்ததால் விரலை இழுக்க இழுக்க முனையும் சேர்ந்து கீழே சாய்ந்தது. ஐந்தில் இரண்டு மட்டுமே தாளில் பட்டன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் எரிந்தது.

பிறகு பிஸ்டல். அதன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் ரவை உள்ளே ஏறும். அவளால் அதை அசைக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு ஆண்கள் சிரித்தார்கள்.

"நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டுவா. மேலே இறுக்கிப் பிடி. இழுக்காதே, கீழேயுள்ள கையை முன்னால் தள்ளு" என்றார் சால்வோ.

தள்ளினாள். 'சடக்' என்று ஏறியது. கைப்பிடி நீளமாக இருந்ததால் விரல்கள் எல்லாம் உட்கார இடமிருந்தது. சூடு ஒன்றன்பின் ஒன்றாகத் தாளின் நடுவில் விழுந்தது. இடையில் மணிக்கட்டைத் தளர்த்திவிட்டாள் போலும், சுட்ட ரவையின் வெற்றுக்கூடு வெளியே வராமல் சிக்கிக்கொண்டது.

"பார்த்தாயா, ரிவால்வரில் இது நடக்காது" என்றார் சிரித்தவர்களில் ஒருவர்.

"நடக்காது" என்று அவள் ஒத்துக்கொண்டாள். சால்வோ சொல்லச் சொல்லச் சிக்கலை எடுத்துவிட்டு, மணிக்கட்டை இறுக்கி, மிச்சத்தையும் சுட்டு முடித்தாள்.

காருக்குள் ஏறியதும் றஞ்சித் கேட்டான்.

"ரெண்டு விதமான துவக்கோ சுட்டனி?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"சத்தம். முதல் சுட்டது ஒவ்வொண்டும் யோசிச்சு யோசிச்சு, பயந்து சுட்ட மாதிரி. பிந்தினது சீராய் வந்தது. நடுவில ஒருக்கா நிண்டது, பிறகும் அதே மாதிரி வந்தது." காரைக் கிளப்பிக்கொண்டே சொன்னான்: "வாங்கத்தான் போறாய் எண்டால் பிந்தினதை வாங்கு."

அதையே வாங்கினாள். ரிவால்வரை விடப் பாரம்தான். முதல் மாதம் இடுப்பு எலும்பில் உரசிக் கன்றியது. அகலமான பட்டி ஒன்று வாங்கியபின் சரியாகிவிட்டது. தவறாமல் சுடுதளத்துக்குப் போனாள். சுடுவதை விட, விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பதைத்தான் சால்வோ அவளுக்கு அதிகம் பழக்கினார்.

கடந்த வசந்தத்தில் பொலிதேயாமா நாடக அரங்குக்கு அருகில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் நின்றாள். மதியம், ஹெல்மெட் போட்ட ஒருவன் அவளை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, கல்லாவில் நின்ற பெண்ணை நோக்கிக் கத்தியை நீட்டினான். யூலியானா அவன் பின்னாலேயே உள்ளே போய், பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்து துப்பாக்கியை எடுத்தாள். அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்த பக்கக் கண்ணாடி; கண்ணாடிக்கு அப்பால் பேருந்துக்கு நிற்கும் சனம். அதையும் பார்த்தாள்.

"கத்தியைக் கீழே போடு!"

தன் குரல் அவ்வளவு உரத்து வருமென்று அவளே நினைக்கவில்லை. அவன் திரும்பினான், அவள் கைகளைப் பார்த்தான், கத்தியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். அடுத்த சந்தியில் பொலிஸார் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் நிறுவனத்தில் சக காவலர் ஒருவர் சொன்னார்: "உன் பிஸ்டலின் விசை மெல்லியது. பதற்றத்தில் வெடித்திருந்தால்? ரிவால்வர் என்றால் அவ்வளவு சுலபமாக வெடிக்காது."

"நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் விரல் வெளியே இருந்தது. கடைக் கமெராவில் பாருங்கள்."

அவர் பார்த்தார். விரல் வெளியேதான் இருந்தது.

சம்பவம் நடந்த அன்று மாலை, கேஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், வாக்குமூலம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து றஞ்சித்துக்கு எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்.

"அவன் கத்தியைப் போடாட்டி சுட்டிருப்பியோ?"

"கல்லாவில நிண்ட அந்தப் பிள்ளையில கை வைச்சிருந்தா, ஓம்."

"பயந்தனியோ?"

"அப்ப இல்லை. பஸ்ஸில வரேக்கைதான்."

அவன் எழுந்து மீன்குழம்பைச் சூடாக்கினான். தட்டை அவள் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கும் வேலையோ?"

"ஓம், காலமை."

"அப்ப நான் கொண்டுபோய் விடுறன்."