முந்தானை இல்லாத சேலை

காஞ்சிபுரம் பஸ் நிலையத்து டீக்கடையில் நான், கடைக்காரர், டீ குடிக்கும் போலீஸ்காரர் ஆக மூன்று பேர் இருக்கிறோம். தங்கை கல்யாணத்துக்கென்று தெருவில் ஒருவனிடம் மலிவாக வாங்கிய பட்டுச்சேலையைப் பிரிக்கிறேன். நாளை மறுநாள் முகூர்த்தம். வேறு சேலைக்குப் பணமில்லை.

"முந்தானையே நெய்யலியேபா. தறியிலேர்ந்து அறுத்துக்கினு வந்திருக்கான்," என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்துகிறார். "இது திருட்டு மால்."

"திருடினது அவன். நான் காசு குடுத்துத்தானே வாங்கினேன்?"

"அவன் போனாலும் திருட்டு மால்ங்கிற பேரு போவாதுபா. யார் கையில இருக்குதோ, அவன்தான் பதில் சொல்லணும்."

சேலையை பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு முழம் தள்ளி உட்காருகிறேன்.

போலீஸ்காரர் திரும்புகிறார். "யாருதுய்யா இது?"

"இன்னும் முழுசா என்னுது ஆகலைங்க," என்கிறேன். "வித்தவனுக்கு இன்னும் முப்பது ரூபாய் பாக்கி."