மிராசுதார் பஞ்சநதத்தின் வைக்கோல் போர்

"நம்ம ஆறு வேலியில எனக்குத் தெரியாம ஒரு எறும்பு வரப்பைத் தாண்டாது!"

மன்னார்குடி ரைஸ்மில் வாசலில் மிராசுதார் பஞ்சநதம் இப்படிப் பிரகடனம் செய்தபோது, அந்த ஆறு வேலி நிலமும் சட்டப்படி அவருடையதாக இல்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்த வேகத்தில் அது மனைவி மங்களாம்பிகை, அவளுடைய இரண்டு தங்கைகள், இன்னும் கட்டப்படாத பள்ளிக்கூடம், இன்னும் பிறக்காத பேரன் ஆகியோருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதிகாரம் மட்டும் எவர் பெயருக்கும் மாறவில்லை.

அந்த வருஷம் குறுவை அறுத்து அடித்த கையோடு கூலித் தகராறு மூண்டது. சட்டம் சொன்ன கூலியைக் கேட்டு அய்யாவு தலைமையில் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள். மழையும் பிடித்துக்கொண்டது. பஞ்சநதம் அசரவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஆட்களை இறக்கினார். அவர்கள் தேங்காய் உரிப்பதில் சூரர்கள். வைக்கோலைப் பார்த்தது அன்றுதான். நனைந்ததை அப்படியே வாரி, அழகாகப் போர் போட்டார்கள்.

வரப்பில் போன அய்யாவு நின்றார். "ஐயா, காயவெக்காம போடாதீங்க. உள்ளுக்குள்ள கொதிச்சுப் போயிடும்."

"வேலைநிறுத்தம் பண்றவன் வாயையும் நிறுத்தணும்" என்றார் பஞ்சநதம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போரின் உச்சியிலிருந்து புகை எழும்பியது. பஞ்சநதம் ஓடிப்போய் உள்ளே கையை விட்டார். சுட்டது. வெளியே இழுத்தால் விரலெல்லாம் வெண்சாம்பல்.

"ஐயையோ, தண்ணி ஊத்தச் சொல்லுங்களேன்!" என்று மங்களாம்பிகை கத்தினாள்.

"ஊத்துனா சாட்சி அழிஞ்சிடும்டி!"

மத்தியானத்துக்குள் புகார் தயாராகிவிட்டது. 'கொதிக்கும் என்று முன்கூட்டியே மிரட்டிவிட்டு, அய்யாவு என்பவர் தீ வைத்தார்.' சாயங்காலம் அய்யாவு லாக்கப்பில் இருந்தார். பல வருஷம் உள்ளே தள்ளக்கூடிய வழக்கு என்று ஊரில் பேச்சு.

மறுநாள் சப்-இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். சேதத்தைக் கணக்கிட கூத்தாநல்லூர்க்காரரான கிராம சேவகர் காதர் மைதீனும் கூட வந்தார். பின்னாலேயே அய்யாவு மனைவி எல்லையம்மாளும் தெருசனமும். எல்லையம்மாள் யாரிடமும் கெஞ்சவில்லை. நேரே போரின் அடியில் குனிந்து, ஓரமாக முட்டிக்கொண்டு நின்ற நாலைந்து மொட்டுகளைப் பிடுங்கி நீட்டினாள்.

"நெருப்பு வெச்ச எடத்துல காளான் முளைக்குமா, ஐயா?"

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். காதர் மைதீன் போரை இரண்டு இடத்தில் பிரித்தார். ஒரு வைக்கோல் தாளும் கருகவில்லை.

"இது சாம்பல் இல்லைங்க, பூஞ்சணம். புகையும் இல்ல, ஆவி. ஈர வைக்கோலைப் பூஞ்சணமும் மத்த நுண்கிருமிகளும் திங்கிற வேகத்துல சூடு கிளம்பியிருக்கு. சூடு கம்மியான ஓரத்துல காளான் வந்திருக்கு. காளான் வெறும் காய்தாங்க. உடம்பு நூல் நூலா உள்ள ஓடுது."

"அது என்ன செடி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"செடியும் இல்ல, பிராணியும் இல்ல. தனி இனம். பச்சையம் கிடையாது, தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கத் தெரியாது. இருக்கிறதைக் கரைச்சு உறிஞ்சும்."

"உழைக்காம சாப்பிடுதா? நமக்குத் தெரிஞ்ச ஆளாட்டம் இருக்கே" என்றாள் எல்லையம்மாள். தெருசனம் மிகுந்த மரியாதையுடன் சிரித்தது.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. அது இல்லன்னா செத்த மரமும் சருகும் மக்காம மலையா குவிஞ்சிடும். மண்ணுக்குச் சத்து எப்படித் திரும்பும்? வேரோட கூட்டு சேந்து, மரத்துக்குத் தண்ணியும் சத்தும் கொண்டாந்து குடுத்து, கூலியா சர்க்கரை வாங்கிக்கிற வகையும் உண்டு."

"அந்த மரம் கூலியை ஒழுங்கா குடுக்குதுங்களா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. பஞ்சநதம் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லா முகமும் வானத்தைப் பார்த்தன.

"யாரைக் கேட்டு என் போருக்குள்ள வந்துச்சு?" என்றார் அவர். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"வித்து கண்ணுக்குத் தெரியாதுங்க. காத்துல வரும், வைக்கோல்லயே ஒட்டிக்கிட்டும் இருக்கும். பட்டா பாக்காது."

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். "புகாரை வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதிக் குடுங்க."

பஞ்சநதம் எழுதினார். தீ தானாகவே அணைந்துவிட்டது என்று முதலில். அது செல்லாது என்று சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். பெருந்தன்மையால் மன்னிக்கிறேன் என்று அடுத்தது. "செய்யாத குத்தத்துக்கு என்னங்க மன்னிப்பு?" என்று கம்பிக்கு உள்ளிருந்து அய்யாவு கேட்டார். அந்தத் தாளையும் பஞ்சநதம் மடித்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு தாள் கேட்டு வாங்கினார்.

மூன்றாவது தாளில் எழுத்து சின்னதாக இருந்தது. 'அய்யாவு மீது குற்றமில்லை. என் நிலத்தில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியாது.'

கீழே, 'மிராசுதார்' இல்லாமல், பஞ்சநதம் என்று மட்டும் கையெழுத்திட்டார்.