தோணாவின் மேல் பதினேழாம் வீடு

பீற்றிஸ் வீடு கட்டும் மேசன் வேலைக்குப் போனது ஆசைக்கு அல்ல. புருஷன் ஹெக்டரையும் வீட்டையும் சுனாமிக் கடல் ஒரே இழுவையில் கொண்டுபோன பிறகு, முகாமில் இருந்தவளின் கையில் ஒரு தொண்டு நிறுவனம் மேசன் கரண்டியைக் கொடுத்தது.

நாட்டில் சண்டை முடிந்ததும் வாவிக்கரையில் வீடிழந்தவர்களுக்கு இருபது வீடுகள் எழுந்தன, பீற்றிஸும் அங்கே மேசன். ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே நீள வரிசை. நடுவில் ஒரு தோணா கிடந்தது. மாரி மழையில் வட்டை வயல்களின் தண்ணீர் வாவிக்கு இறங்குகிற வாய்க்கால். அதைக் கிறவல் மண் கொட்டி நிரப்பி, அதன் மேலும் அத்திவாரம் போடச் சொன்னார் இஞ்சினியர்.

"சேர், இது தண்ணி போற பாதை. மாரிக்கு வந்து பாருங்க."

சேருக்குத் தொண்டை செருமாமல் வாய் திறக்காது. "ம்ஹ்ம்... பிளான்ல தண்ணி இல்லயே, பீற்றிஸ்."

வீட்டுப் பட்டியலில் அவளுடைய பெயரும் அப்போது உறுதியில்லை. வாயை மூடிக்கொண்டு நிரப்பினாள். சீட்டுக் குலுக்கியபோது தோணாவின் மேல் நின்ற பதினேழாம் வீடு அவளுக்கே விழுந்தது.

"ஒனக்கு நீயே கட்டியிருக்காயேகா, கெட்டிக்காரி!" என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் முட்டையிட்ட கோழி மாதிரிக் கொக்கரித்தாள். பீற்றிஸும் சிரித்தாள். ஆறு வருசத்துக்குப் பிறகு, பூட்டுப் போட ஒரு கதவு.

2011 தை மாதம் மழை விடவேயில்லை. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், வாவி வற்றத் தொடங்கியது. வீட்டு வரிசைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீருக்குத்தான் வழியில்லை. இருபது வீடும் அணைக்கட்டாகி நின்றன. உள்ளே முழங்காலளவு. கதவுகள் வழியாக வடிந்தது போதவில்லை. காலையில் மூன்றாம் வீட்டுச் சுவர் வெடித்தது. அந்த வீட்டுக்குள் பாரிசவாதத்தில் கிடந்தார் வினாயகமூர்த்தி.

அவருடைய மகன் மதுஷன் அலவாங்குக் கம்பியோடு ஓடி வந்தான். "பீற்றிஸக்கா, எங்கால உடைச்சாத் தண்ணி போகும்? சொல்லுங்கக்கா! அப்பாவத் தூக்கி வைக்க இடமில்ல!"

பத்தொன்பது வீட்டுக்கு அடியில் கருங்கல். ஒன்றுக்கு அடியில் மட்டும் கிறவலும் சேறும், மேலே கொஞ்சம் கல்லும். அது அவளுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் கேட்க ஆளில்லை.

"அங்கால கொத்தாத, மனே. இஞ்ச வா. என்ட குசினிக்குள்ள."

அவளே முதலில் கொத்தினாள். நிலம் பிளந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கிறவல் கரைய, தண்ணீர் அடியால் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் குசினி அடுப்போடு போனது. கூரை முன்னறையில் குந்தியது. மற்ற வீடுகளில் தண்ணீர் வடிந்து, நிலம் தெரிந்தது.

மூன்றாம் நாள் சேர் வந்தார். "ம்ஹ்ம்... வெள்ளத்தால விழுந்ததெண்டு எழுதுறன். ஒப்பம் வைங்க. அதே இடத்துல கட்டித் தருவம்."

"தூண் போட்டு ஏத்திக் கட்டுங்க சேர். கீழால தண்ணி போகட்டும்."

"இருபதும் ஒரே மாதிரி இரிக்கணும். விருப்பமில்லாட்டி வேற ஆளுக்குக் குடுப்பம்."

"வைகா ஒப்பத்த!" புஸ்பத்தின் குரலில் இப்போது கோழி இல்லை. "அடுத்த மாரிய மறுகா பாப்பம்."

பீற்றிஸ் பேனாவை வாங்கினாள். முதலெழுத்தை எழுதியும் விட்டாள். மற்ற எழுத்துகளுக்குக் கை போகவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சேரின் வாகனம் போன பிறகு புஸ்பம் கேட்டாள்: "இனி எங்ககா போவாய்?"

"தெரியாதுகா" என்று பீற்றிஸ் சேற்றில் கிடந்த மேசன் கரண்டியை எடுத்துத் துடைத்தாள்.