உலகம்மாள் அத்தையின் கழுத்து

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயின் மணம் மூக்கில் பட்டால் மற்றவர்களுக்குக் குற்றால அருவி நினைவுக்கு வரும். எனக்கு வலது உள்ளங்கால் கூசும். நான் தலையை நீட்டாமல் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் தடவிவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் ஓடிவிடும் என்பது எங்கள் தென்காசிப் பக்கத்து நம்பிக்கை என்பதால், நடக்கப் பழகிய நாளிலிருந்தே தெருவில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. “காலாப் பொறந்தவ இருக்காளா?” என்று கேட்டுக்கொண்டு பலசரக்குக் கடை அண்ணாச்சி வருவார், பஸ் டிரைவர் வருவார். ‘குறுக்கு’ என்று நாங்கள் சொல்லும் இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு போலீஸ்காரர்கூட, தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். எண்ணெய் தொட்ட காலால் நான் தேய்த்துவிட, அவர்கள் எழுந்து உடம்பை முறித்துப் பார்த்து, “இப்ப தேவல” என்று சொல்லிப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வராவிட்டாலும் தெருவில் எனக்கு அப்படியொரு மரியாதை.

அந்த மரியாதைக்கு வேட்டு வைத்தது அப்பாவின் தங்கை உலகம்மாள் அத்தையின் கழுத்து.

அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊருக்குப் பெண் பார்க்க யாரும் சித்திரை வெயிலில் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனியில் சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று தெரிந்த பிறகுதான் வருவார்கள். வேனில் வந்து இறங்கி, காலையில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பசியைக் கிளப்பிக்கொண்டு, ஈரத்துண்டை எங்கள் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் பெண்ணைக் கூப்பிடச் சொல்வார்கள். கேசரியும் பஜ்ஜியும் தீர்ந்ததும் துண்டு காய்ந்திருக்கும். மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர்கள் வருகிற செய்தி கிடைத்ததுமே அத்தையின் தோள் இரண்டும் மெல்ல மேலே ஏற ஆரம்பிக்கும். முதல் நாள் பல்லைக் கடிப்பாள். மறுநாள் சேலை மடிப்பை எடுத்த கை எடுத்தபடியே நிற்கும். அவர்கள் வரும் நாளன்று கழுத்து ஒரு பக்கமாகப் ‘பிடிச்சுக்கிட்டு’, தலை இடது தோளில் சாய்ந்துவிடும். காபித் தட்டோடு அவள் வந்து நின்றால், ஜன்னலுக்கு வெளியே யாரையோ எட்டிப் பார்ப்பவள் மாதிரி இருக்கும். ஒரு கூட்டம் பார்த்துவிட்டுப் போனது. அடுத்த கூட்டமும் பார்த்துவிட்டுப் போய், பெண்ணுக்குக் கழுத்து கோணல் என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது.

அதற்கு அடுத்து சங்கரன்கோவிலிலிருந்து வருவதாக இருந்தார்கள். இந்தத் தடவை செய்தி வந்த அன்றே கழுத்து பிடித்துக்கொண்டது. இதுவும் தட்டிப்போனால் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவி, அத்தைக்குக் கல்யாணமே நடக்காது என்று அப்பா கலங்கிப்போனார். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சுளுக்கெல்லாம் இல்லை, டென்ஷன் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இது புரியவே இல்லை.

“ஆபீஸ் போறவனுக்கு டென்ஷன் வரும். வீட்டுல இருக்கவளுக்கு என்னத்த டென்ஷன்?” என்று வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே கேட்டார். அப்போது அவருடைய தோளும் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பிறகென்ன, என் கால்தான். காலையிலும் மாலையிலும் அத்தையைப் படுக்க வைத்து, அம்மா என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் பிடரியில் தேய்த்தேன். போலீஸ்காரரின் குறுக்கையே நிமிர்த்திய கால் அத்தையிடம் தோற்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், “ஒங்காலு மேல ஒரு தப்பும் இல்லட்டி. எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான்” என்றாள். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அது என் காலுக்கு அடங்காத சமாச்சாரம் என்பதும் விளங்கிவிட்டது.

பெண் பார்க்க வரும் அன்று விடியற்காலையில் அம்மா கடைசி முயற்சியாக எங்கள் இருவரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். “பிடரியில தண்ணி அடிச்சா தானா விட்டுரும்” என்றாள். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். முண்டியடித்து உள்ளே நுழைந்து, அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் மூச்சு முட்டியது. அப்போது என் கன்னத்துக்குக் கீழே அத்தையின் வயிறு எக்கி எக்கிக் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு கத்துகிறாள்! அருவிச் சத்தத்தில் அடுத்தவருக்கு ஒன்றும் கேட்காது. ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது. “பயமா இருக்கு! பயமா இருக்கு!” என்றுதான் கத்தினாள். பக்கத்தில் நின்ற பருத்த அம்மாள் ஒருத்தி குளிப்பதை விட்டுவிட்டு அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து அத்தை தலையைத் துவட்டியபோது கழுத்து அந்தப் பக்கமும் திரும்பியது, இந்தப் பக்கமும் திரும்பியது. அம்மா அருவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மத்தியானம் சங்கரன்கோவில் வேன் வந்தது. முதலில் இறங்கியது அந்தப் பருத்த அம்மாள். மாப்பிள்ளையின் தாயாராம். ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், காபியோடு வந்த அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

“காலைல அருவிக்குள்ள நின்னு கத்துனது நீதானம்மா? என்ன சொல்லிக் கத்துன?”

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். சாமி பேரைச் சொன்னேன் என்று அத்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளோ நேராக நின்ற கழுத்தோடு, “பயமா இருக்குன்னு கத்துனேன்” என்றாள்.

அந்த அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அவள் மகன் பக்கம் கையைக் காட்டி, “இவன் வாயவே தொறக்க மாட்டான். வீட்டுல ஒரு ஆளாவது சத்தம் போடணும்லா? எனக்குப் பிள்ளையப் பிடிச்சிருக்கு” என்றாள். அந்தச் சாரல் குளிரிலும் மாப்பிள்ளைக்கு மட்டும் வியர்த்திருந்தது. ஆவணியில் பண்பொழித் திருமலைக் கோவிலில் கல்யாணம் நடந்தது.

இப்போது நான் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதிலிருந்து என் தோளும் காதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மூச்சை இழுத்து விடு என்று கைக்கடிகாரம் அடிக்கடி உத்தரவு போடுகிறது. அதைக் கேட்டால் இன்னும் பதறுகிறது. என் கழுத்தை என் காலாலேயே தேய்க்க முடியாது. வேறு ஆளைத் தேடவும் வழியில்லை. இப்போதெல்லாம் பிள்ளை வயிற்றுக்குள் தலைமாறிக் கிடந்தால் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுகிறார்கள், காலாப் பிறந்தவர்கள் என்ற இனமே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைக்கும் தாய்க்கும் அது நல்லதுதான் என்றாலும், தெருவில் என் உத்தியோகத்துக்கு வாரிசு இல்லாதது எனக்கு வருத்தமே.

சென்ற மாதம் சங்கரன்கோவிலுக்குப் போனேன். என் கழுத்தைப் பார்த்ததுமே அத்தை பாயை விரித்தாள்.

“நீங்க தலையாலதானே பொறந்தீங்க அத்த?”

“காலு எனக்கும் இருக்குல்லா. பேசாமப் படுட்டி.”

பிடரியில் பாதத்தை வைத்துக்கொண்டு என்ன விஷயம் என்று கேட்டாள். பாயில் முகம் புதைந்தபடி முனகினேன். அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. “கேக்கல. சத்தமாச் சொல்லு” என்றாள்.

“பயமா இருக்கு!” என்று கத்தினேன்.

மிக்சி நின்றது. சட்னி அரைத்துக்கொண்டிருந்த மாமா, வாயே திறக்காத அந்த மாமா, கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்று, “பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

என் பிடரியில் இருந்த அத்தையின் கால் அப்படியே நின்றுவிட்டது.