ஃபிட்டர் வீட்டு டோஸ்ட்

கரண்டியின் முதுகை ரொட்டித் துண்டின் நடுவில் வைத்து அழுத்துகிறார் ஃபிட்டர். வேகமாக அழுத்தினால் ரொட்டி கிழியும். பயந்து பயந்து அழுத்தினால் பள்ளம் விழாது. ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரை விட்டு, நடுவை மட்டும் மெத்தென்று உள்ளே இறக்குகிறார். கரைமேல் வெண்ணெய். அதன்மேல், வயலுக்கு வரப்புக் கட்டினாற்போலச் சுற்றிலும் துருவிய சீஸ். பள்ளத்துக்குள் ஒரு முட்டை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். தட்டைக் குட்டி ஓவனுக்குள் தள்ளிவிட்டு, இடுப்பில் கைவைத்துக் குனிந்தபடி அதன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். வெள்ளைக்கரு வெளுத்து இறுகிய பிறகும் மஞ்சள்கரு சற்று நேரம் தளும்பிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். "கண்ணை எடுத்தா போச்சு, கல்லாயிடும்" என்று ஓவனிடம் சொல்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. சொந்தப் பெயர் இருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. முதலாளிக்கு அவர் 'ஃபிட்டரே', கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு 'ஃபிட்டர் அண்ணே'. ஒல்லியான ஆள். சட்டைப்பையில் பேனா இல்லாவிட்டாலும் குட்டித் திருப்புளி இருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவரிடம், "சார், வலப்பக்கம் தூக்கிட்டு நிக்குது. கழட்டிக் குடுங்க" என்று வாங்கி, அவர் இறங்குகிற நிறுத்தம் வருவதற்குள் சரிசெய்து மாட்டிவிடுவார்.

கை இப்படியென்றால் வாய் அதைவிட ஒரு படி மேல். நாலு பேர் கூடிவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப்போட்டு ஆரம்பித்துவிடுவார். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். ஆனால் அத்தனை தமாஷுக்கும் சரக்கு ஒரே இடத்திலிருந்துதான் வரும்: அவருடைய மனைவி. "எங்க வீட்டு அம்மா முட்டை உடைக்கிற அழகைப் பாக்கணுமே! ஓடு உள்ள இருக்கும், முட்டை வெளிய இருக்கும்." கூட்டம் சிரிக்கும். அந்த அம்மாவும் சிரித்து வைப்பார். சிரிக்கிறாளே, அப்புறமென்ன என்று இவர் அடுத்ததை எடுத்துவிடுவார்.

அவர் மனைவி துணி குடோனில் வேலை பார்க்கிறார். பல வருஷம் பெட்டி கட்டும் இடத்தில் நின்றவரைப் போன வருஷம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சந்தோஷத்தில், தன்கீழ் வேலை பார்க்கும் பெண்களை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர்கள் முதல்முறையாக வந்திருந்தார்கள். புதுச் சூப்பர்வைசரின் வீடு என்ற மரியாதையில், சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். புது ஆட்களைக் கண்டதும் ஃபிட்டருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"உப்பு டப்பாவை எங்க வெச்சோம்னு வீட்டையே புரட்டிப் போடுவா. இவளை நம்பி ஒரு குடோனையே குடுத்திருக்காங்க பாருங்க, அந்தக் கம்பெனிக்காரங்களைச் சொல்லணும்! ஏம்மா, அங்க துணியை மடிச்சுப் பெட்டில வைக்கறீங்களா, இல்ல இவ பெட்டியை மடிச்சுத் துணிக்குள்ள வைக்கறாளா?"

பெண்கள் முதலில் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவி கையில் கரண்டியோடு நின்றிருந்தார். அன்றைக்கும் சிரித்தாற்போலத்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் காலையில் ஒரு பையோடு வாசலில் நின்று, "உங்க தமாஷுக்கு இனிமே வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். குரலை உயர்த்தவில்லை. அதனால் இரண்டொரு நாளில் திரும்பிவிடுவார் என்றுதான் ஃபிட்டர் நினைத்தார்.

திரும்பவில்லை. கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுப் புலம்பினார். "ஒரு தமாஷு சொன்னேன்மா. ஒரு தமாஷுக்குப் போயி..."

"ஒரு தமாஷாப்பா?" என்று மட்டும் கேட்டாள் மகள். இவர் மறுபடி முதலிலிருந்து புலம்பினார். கடைசியில், "காலைல என்ன சாப்பிடறீங்க?" என்றாள். கடை ரொட்டியை அப்படியே தின்கிறார் என்று தெரிந்ததும் மனசு கேட்காமல் முட்டை டோஸ்ட் செய்யும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "நடுவுல கரண்டியால அமுக்குங்க. அமுக்கத்தான் உங்களுக்கு நல்லா வருமே."

அவர் போனை வைத்துவிட்டு முட்டையை உடைத்தார். பாதி வெளியே வழிந்தது. ஓடு நொறுங்கி உள்ளே விழுந்தது. விரலால் எடுக்கப் போனால் வழுக்கி வழுக்கி அந்தப் பக்கம் ஓடியது. அப்போது அவருடைய வாய் தானாகவே, பழக்க தோஷத்தில், "ஓடு உள்ள, முட்டை வெளிய" என்றது. சமையலறையில் யாரும் சிரிக்கவில்லை. எத்தனை வீட்டில், எத்தனை பேர் நடுவில் இதைச் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் அவள் எங்கே நின்றிருந்தாள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. முகத்தில் யாரோ வெந்நீரை ஊற்றினாற்போல இருந்தது. முட்டைக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கை பழகப் பழக டோஸ்ட் நன்றாக வந்தது. ஒருநாள் கூடுதலாகச் செய்து கடைக்குக் கொண்டுபோனார். கவுன்டர் பெண் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணி செஞ்சதாண்ணே?" என்றாள்.

இல்லை என்று சொன்னால் அண்ணி எங்கே என்று கேட்பாள். "ஆமா" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தினமும் டப்பாவைத் திறக்கும்போது ஒரு வார்த்தை சேர்ந்துகொண்டது. "அவ கைக்கு அப்படி ஒரு பக்குவம்மா. முட்டை உடைச்சா ஒரு துணுக்கு ஓடு விழாது." வாழ்நாளில் ஒருமுறைகூட மனைவியின் முகத்துக்கு நேரே சொல்லாத பாராட்டை, அவர் இல்லாத இடத்தில் ஊரானுக்கு வாரி வழங்கினார். சொல்லும்போது இனித்தது. சொல்லி முடித்து உள்ளறையில் லென்ஸ் தேய்க்க உட்கார்ந்ததும் கசந்தது. மறுநாளும் சொன்னார்.

ஒரு நாள் காலை, உள்ளே சக்கரத்தில் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வெளியே முதலாளியின் குரல் கேட்டது. "என்னம்மா நீங்க, நம்ம ஃபிட்டர் வீட்டுலயே காதுக்கம்பி ஒடிஞ்ச கண்ணாடியா? டேப் ஒட்டிப் போட்டுக்கிட்டுப் போறீங்க! கடை மானம் போகுதும்மா, உள்ள வாங்க."

ஃபிட்டர் சக்கரத்தை நிறுத்தினார். திரை இடுக்கில் அவர் மனைவி தெரிந்தாள். தெருவோடு போனவளை முதலாளி பிடித்து இழுத்து வந்திருக்கிறார்.

"அண்ணியா!" என்று துள்ளிக்கொண்டு வந்தாள் கவுன்டர் பெண். "உங்களைப் பாக்கணும்னு எத்தனை நாளா நினைச்சுட்டு இருக்கேன். உங்க டோஸ்ட்டு இல்லாம எங்களுக்குப் பொழுதே விடியறதில்ல."

"என்ன டோஸ்ட்டு?"

"அதான், முட்டையும் சீஸும் வெச்சு நீங்க குடுத்தனுப்புறது. அண்ணன் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. நீங்க முட்டை உடைச்சா ஒரு துணுக்கு ஓடு விழாதாமே!"

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். "அப்படியா சொன்னாரு?"

"தினமும்! ஆனா நான் செஞ்சா மஞ்சக்கரு கல்லா போயிடுது. எப்படிண்ணி செய்றீங்க?"

ஃபிட்டர் வெளியே வந்து நின்றார். ஓடி ஒளிய இடமில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடையே கொல்லென்று சிரிக்கும். அவர் இத்தனை வருஷம் சொன்ன எல்லாவற்றையும்விட நல்ல தமாஷாக இருக்கும் அது. சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"பக்கத்துலயே நின்னு பாக்கறவரு அவருதான். அவரே சொல்லட்டும்" என்றாள் அவள்.

அவர் சொன்னார். "மொதல்ல... அவ... ரொட்டியை நடுவுல அமுக்குவா. அப்புறம் ஓரத்துல வெண்ணெய் தடவுவா. சீஸை சுத்தித் தூவுவா." ஒவ்வொரு 'வா'வுக்கும் குரல் ஒரு படி இறங்கியது. தான் செய்யாத காரியத்தைத் தான் செய்வதாக அவர் சொல்வதை அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, இடையில் எதுவும் கேட்கவில்லை. முடிந்ததும் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கவுன்டர்மேல் வைத்தாள்.

ஃபிட்டர் புதுக் காதுக்கம்பி போட்டுக் கொண்டுவந்து, "நீயே மாட்டி விடும்மா" என்று கவுன்டர் பெண்ணிடம் நீட்டினார். "அட, ஃபிட்டிங் பாக்க வேண்டியது நீர்தானய்யா" என்று முதலாளி அவரை முன்னால் தள்ளினார். ஊரார் முகத்தையெல்லாம் கிட்டத்தில் வைத்துப் பார்த்த மனிதருக்கு அந்த ஒரு முகத்தைப் பார்க்க முடியவில்லை. கம்பியை மட்டும் பார்த்தபடி காதோரம் செருகினார். மற்றவர்களுக்குக் கேட்காமல், "தப்பு பூரா என்மேலதான். மன்னிச்சிடு" என்றார்.

அவள் எதிரே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டே, அதே தணிந்த குரலில் சொன்னாள்: "இதை மட்டும் எதுக்குக் காதுல சொல்றீங்க? அன்னிக்கு எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னீங்க."

மறுநாள் டப்பாவைத் திறந்ததும், "இதைச் செஞ்சது நான்" என்றார் ஃபிட்டர். "எப்பவும் நான்தான் செஞ்சேன்."

"அப்போ வீட்ல அம்மா ராஜ்ஜியம்னு சொல்லும்!" என்று முதலாளி சிரிக்க ஆரம்பித்தார்.

"அவ வீட்ல இல்லீங்க. என் வாய்க்குப் பயந்து போயிட்டா."

கவுன்டர் பெண் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "ஐயோ, நேத்து நான் அண்ணிகிட்ட என்னென்னமோ..." "நான் சொன்னதைத்தானேம்மா நீ சொன்ன" என்றார் ஃபிட்டர். அன்றைக்கு டப்பா பாதிக்குமேல் மிச்சத்தோடு வீடு திரும்பியது.

அடுத்த நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ரொட்டிப் பாக்கெட் தீரும்வரை டோஸ்ட் போட்டார். பெரிய டப்பாவில் அடுக்கி எடுத்துக்கொண்டு துணி குடோனுக்குப் போனார். டீ இடைவேளை. லாரி வந்து நிற்கும் மேடையில் பெண்கள் காலிப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி தூணோரம் நின்று யாரிடமோ எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிட்டரைக் கண்டதும் ஒருத்தி முகமெல்லாம் பல்லாக, "அண்ணா வந்துட்டாரு, இனிமே சிரிப்புதான்!" என்றாள். பெண்கள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்த வழியே போய்விடலாமா என்றிருந்தது. காது இரண்டும் எரிந்தன.

"அன்னிக்கு எங்க வீட்ல நான் இவளைப் பத்திச் சொன்னது எதுவும் நிஜமில்ல" என்றார். "உப்பு டப்பாவைத் தேடுறது நான். முட்டை உடைச்சா ஓடு விழுறது எனக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இதுவும் ஒரு தமாஷின் ஆரம்பம் என்று நினைத்திருப்பார்கள். அவர் காத்திருந்தார். சிரிப்பு நின்றது.

"இவ சூப்பர்வைசர் ஆனதுல எனக்குப் பெருமைதான். அதைச் சொல்லத் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. சிரிப்பு காட்டறது சுலபமா இருந்துச்சு. உங்க முன்னாடி இவளைக் கேவலப்படுத்தினேன். உங்க முன்னாடியே கேக்கறேன். மன்னிச்சிடு."

ஒருத்தி டம்ளரைக் கீழே வைத்தாள். கடைசியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி தலையைக் குனிந்துகொண்டு, "நாங்களும்தானே தம்பி சிரிச்சோம்" என்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் தரையைப் பார்த்தார்கள்.

மணி அடித்தது. பெண்கள் டம்ளரைக் கழுவக்கூட நிற்காமல் உள்ளே போனார்கள். அவர் மனைவி கடைசியாக வந்து டப்பாவை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்கவில்லை. "கழுவி வைக்கிறேன்" என்றார்.

"நானே வந்து வாங்கிக்கறேன்."

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வாசலில் வாட்ச்மேன் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். பேச்சு எதுவும் காதில் விழவில்லை. "என்ன சார், சாப்பாட்டை வாங்கிட்டு ஆளைத் துரத்திட்டாங்களா? எங்க மேடம் வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கத் தயாராக நின்றார். ஃபிட்டரின் நாக்கு நுனியில் பதில் வந்துவிட்டது. நல்ல பதில்தான், உதடுகூடப் பிரிந்தது. அவர் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.