மகள் கொடுத்த மனு

போன செவ்வாய்க்கிழமை. ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார். கையில் நான்காக மடித்த காகிதம்.

"டீச்சர், ஒரு மனு விசயமா வந்திருக்கேங்க."

யாரோ என்மேல் மனு கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். என் வாய் அப்படி!

வந்தவர் கோவிந்தன். முதல் பெஞ்ச் பூங்கொடியின் அப்பா. மனு கொடுத்தது பூங்கொடி. யாருக்கு? அவருக்கேதான்.

இதற்கெல்லாம் காரணம் நான். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒருவரிடம் காரணம் சொல்லி, அவரைச் சம்மதிக்க வைக்கிற மாதிரி கடிதம் எழுத வேண்டும் என்று ஒரு பாடம் இருக்கிறது. நடத்தினேன். டெஸ்ட் வைத்தேன். இருபத்தாறு பேப்பர் வந்தது. இருபத்தாறிலும் ஒரே கடிதம்! 'எங்கள் தெருவில் ஒரு வாரமாகக் குப்பை லாரி வரவில்லை. ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அனுப்புநர் முகவரி – வடக்கு வீதி, மதுரை.

இது ஜவ்வாது மலை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சாமைக் கொல்லையே இருக்கும். தெருவே கிடையாது. இங்கே லாரி வந்தால் புளி மூட்டை ஏற்ற வந்ததாக இருக்கும்.

"மதுரையில எவடி இருக்கிறது?" என்று கத்தினேன்.

"கைடுல அப்டித்தான் டீச்சர் போட்டிருக்குது" என்றாள் பூங்கொடி.

"கைடுல இருந்தா? நீ இன்னாத்துக்கு அத எழுதின?"

"மாத்தி எழுதினா மார்க்கு கொறச்சிடுவீங்களே..."

குறைக்கத்தான் செய்வேன். எனக்குக் கொடுத்திருக்கிற மதிப்பீட்டுத் தாள் அப்படி. வடிவத்துக்கு நான்கு மார்க். பிழையில்லாமல் எழுதினால் மூன்று. கையெழுத்துக்கு ஒன்று. காரணத்துக்கு மீதி இரண்டு. கடிதத்தைப் படித்தவன் சம்மதித்தானா இல்லையா? அதற்கு மார்க்கே இல்லை. இதைத் தயாரித்தவர்கள் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதே இல்லையா?

கோபத்தில் அந்தத் தாளை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன். பிள்ளைகளிடம் சொன்னேன் – "உங்களுக்கு நெசமா இன்னா வேணுமோ, அத யாரு குடுக்க முடியுமோ, அவங்களுக்கு எழுதுங்க. கையில குடுங்க. அவங்க போடுறதுதான் மார்க்கு."

ஒன்பது பேர் எனக்கே எழுதினார்கள். இனிமேல் டெஸ்ட் வேண்டாமாம். ஒன்பது பேருக்கும் முட்டை. நான் சம்மதிக்கவில்லையே!

பூங்கொடி அப்பாவுக்கு எழுதினாள். ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்ததும் அவர்கள் வீட்டில் எல்லோரும் குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். இவளையும் இழுத்துக்கொண்டுதான். திரும்பி வருகிறபோது பரீட்சை வந்திருக்கும். பேந்தப் பேந்த விழிப்பாள்.

'பெறுநர்: உயர்திரு கோவிந்தன் அவர்கள். அனுப்புநர்: பூங்கொடி, உங்கள் வீடு. ஐயா, போன வருசம் நான் வந்தபோது பின்னக் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் பின்னம் வரவில்லை. இந்த வருசம் என்னை விட்டுவிட்டுப் போகவும்.'

அப்பனுக்கு எதற்கடி உயர்திரு என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் வேலை செய்தது அந்த உயர்திருதான்.

கோவிந்தன் அஞ்சாவது வரை படித்தவர். தன் கொல்லைக்குப் பட்டா கேட்டு, மலைக்குக் கீழே இருக்கிற ஆபீசில் பதினோரு மனு கொடுத்தவர். அத்தனையிலும் அவர் அனுப்புநர். பெறுநராக இருந்ததே இல்லை. இதுதான் முதல் தடவை. மனிதர் அந்த நிமிடமே ஆபீசர் ஆகிவிட்டார். வகுப்பு வாசலில் நின்று அவரே சொன்னார்.

"பரிசீலிக்கிறேன், திங்கக்கெழம வான்னு சொன்னேங்க."

"பெத்த பொண்ணுகிட்டயா?"

"எனக்கு ஆபீசுல அப்டித்தான சொன்னாங்க, டீச்சர்."

முந்தின வாரம் திங்கட்கிழமை காலையில் பூங்கொடி பையை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றிருக்கிறாள். "ஐயா, என் மனு இன்னா ஆச்சுங்க?"

"இணைப்பு இல்ல. தள்ளுபடி."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வகுப்பும் சிரித்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"புள்ள படிப்புல இன்னாங்க வெளயாட்டு?"

"வெளயாட்டு இல்லீங்க டீச்சர். நாங்க போய்ட்டா இவளுக்கு யாரு சோறு போடுறது? எங்க படுத்துக்கிறது? அத மொதல்ல இவ எழுதவே இல்லியே!"

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. படிக்கிறவன் முதலில் கேட்கப்போகிற கேள்வி அதுதான். அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. நானும்தான் படித்தேன். எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேனாம்!

தங்குவதற்கு ஒரே இடம்தான் உண்டு. பக்கத்துக் கொல்லையில் இருக்கிற கோவிந்தனின் அக்கா வீடு. அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. வரப்பில் நிற்கிற பலா மரம் யாருடையது என்று சண்டை. அந்த வீட்டில் போய்க் கேட்பதற்குப் பதில் கோவிந்தன் நாக்கை அறுத்துக்கொள்வார்.

தள்ளுபடிக்குப் பிறகு பூங்கொடி அங்கே போயிருக்கிறாள். என்ன பேசினாள் என்று எனக்கு இதுவரை சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை மனுவோடு ஓர் இணைப்பு வந்தது. கோடு போட்ட தாள். அத்தை சொல்லச் சொல்ல இவள் எழுதியது.

'பூங்கொடிக்கு இரண்டு வேளை சோறு போடுகிறேன். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள். ஆட்டையும் இங்கே விட்டுவிட்டுப் போகவும். மரத்தைப் பற்றி இப்போது பேச்சு இல்லை.'

கீழே கட்டை விரல் ரேகை.

அந்தத் தாளைத்தான் மறுநாள், செவ்வாய்க்கிழமை, கோவிந்தன் வகுப்பில் என் முன்னால் விரித்தார். குடகுக்கு வண்டி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது.

"இத நீங்க சொல்லிக் குடுத்தீங்களா டீச்சர்?"

"சத்தியமா இல்லைங்க."

ரேகையை விரலால் தடவினார். "மூணு வருசமா எங்க அக்கா வாயத் தொறக்கல. இவ ரேகையே வாங்கியாந்துட்டாளே..." பூங்கொடி பென்சிலைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"பச்ச மை பேனா இருக்குங்களா?" என்றார் கோவிந்தன்.

பெரிய ஆபீசர்கள் கையெழுத்துப் போடுகிற மை. என்னிடம் சிவப்புதான் இருந்தது. எவளோ ஒரு பச்சை ஸ்கெட்ச் பேனாவை நீட்டினாள். வாங்கி, எழுத்துக் கூட்டி 'அனுமதி' என்று எழுதினார். கீழே கையெழுத்து.

பூங்கொடி எட்டிப் பார்த்தாள். "தேதி போடலியே, ப்பா..."

தேதியும் போட்டார்.

"சரிங்க, பத்துக்கு எவ்ளோ போடலாம்?" என்றேன்.

"மார்க்கெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட்டு டீச்சர். நான் ஆர்டர் போட்டாச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூங்கொடியின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. பிழை பதினாலு. பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்து மூலமாகத் தெரிவிக்கவும் – காரணத்தோடு!